மகாராணியின் மடிமீது விழுந்த பழி

மதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ஒன்பது மாடுகளும் உங்கள் தங்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறோம். அங்கே உங்கள் உடம்பு, அக்காவின் மூட்டுவலி, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் முறையாக விசாரித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். விஷயம் அவசரம். வரும் வியாழக்கிழமை காலை நம் பரிசு மாடு மகாராணியை ஏற்றிப்போக ஒரு லாரி வருகிறது. அது கறவை மாடுகளை விற்கும் இடத்துக்குப் போகிற லாரி அல்ல. அதற்குள் நீங்கள் அவளை உங்கள் தொழுவத்துக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், எதையும் கூட்டவில்லை.

சென்ற மாதம் இருபத்தெட்டாம் தேதி பால் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. நம் பாலில் வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறி இருக்கின்றனவாம், மாடுகளின் மடியில் நோய் ஒளிந்திருக்கிறதாம், இன்னொரு முறை இப்படி வந்தால் பால் எடுக்க மாட்டார்களாம். நான் நேரே ஆலைக்குப் போய், பரிசோதகரின் மேசைக்கு முன்னால் நின்று, கையோடு கொண்டுபோன பாலில் ஒரு டம்ளர் ஊற்றி அவர் கண்ணெதிரே குடித்தேன். பால் வெள்ளையாக இருந்தது, திரியவில்லை, நாற்றம் இல்லை, இனிக்கவும் செய்தது. அவர் நான் குடித்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, "உங்க நாக்கு சொல்றத வச்சு நாங்க பால் எடுக்க முடியாதுங்க" என்றார். படித்தவர்களிடம் பேசினால் இதுதான். அன்று மாலை எனக்கு வயிறு சரியில்லாமல் போனதற்கு வெயில்தான் காரணம், உங்கள் தங்கை வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டு நாள் கழித்துக் கால்நடை மருத்துவர் வந்தார். உங்கள் மூத்த மகள் வயதுதான் இருக்கும். நான்கு குழி வைத்த ஒரு பிளாஸ்டிக் தட்டை நீட்டி, காம்புக்கு ஒரு குழியாக ஒவ்வொரு மாட்டின் பாலையும் பீச்சி, ஊதா நிறத்தில் ஒரு திரவத்தை ஊற்றிச் சுழற்றினார். மகாராணியின் பின்பக்கத்து இடது காம்புப் பால் அப்படியே பசை மாதிரி திரண்டுவிட்டது. மற்ற மாடுகளின் பால் தண்ணீராகவோ லேசாகக் குழைந்தோ ஓடும்போது மகாராணியின் பால் மட்டும் இப்படிக் கெட்டியாக நின்றதைப் பார்த்து எனக்கு உள்ளபடியே பெருமையாக இருந்தது. பரிசு வாங்கிய மாடு என்றால் சும்மாவா என்று மருத்துவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் உங்கள் தங்கையைப் பார்த்தார். உங்கள் தங்கை தரையைப் பார்த்தாள். கெட்டியாகத் திரண்டால் நோய், ஓடினால் நலம் என்று பிறகுதான் சொன்னார்கள். இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

பாலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வந்த அறிக்கையில் மகாராணிக்கும் இன்னும் மூன்று மாடுகளுக்கும் ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று ஒரு கிருமி, கொம்பொடிந்தவளுக்கு மட்டும் ஈ.கோலி என்று வேறொன்று. இரண்டாவது கிருமி சாணத்திலும் ஈரப் படுக்கையிலும் இருந்து மடிக்கு ஏறுமாம், தரையைக் காய வைத்தால் பாதி வேலை முடிந்ததாம். முதல் கிருமிதான் பொல்லாதது. வீக்கம் காட்டாது, காய்ச்சல் காட்டாது, மாடு வழக்கம்போல் தின்றுகொண்டு நிற்கும், உள்ளே மடியில் சுவர் கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் குடியிருக்கும் என்றார் மருத்துவர். அப்படியானால் அது ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு எப்படிப் போயிற்று, நான் நாளெல்லாம் அங்கேதானே இருக்கிறேன், ஒன்று போனதையும் பார்க்கவில்லையே என்று கேட்டேன்.

"ஐயா, அதுக்குக் கால் கிடையாது. உங்க கைதான் அதுக்கு வண்டி" என்றார் அந்தப் பெண்.

மச்சான், முப்பத்தொரு வருடமாகக் கறக்கிறேன். எனக்கென்று ஒரு முறை உண்டு. மகாராணிதான் முதலில், அது அவளுக்குச் செய்கிற மரியாதை. ஒரே துணியால் ஒன்பது மடியையும் துடைப்பேன், ஒவ்வொரு மாட்டுக்குப் பிறகும் அதே வாளி வெந்நீரில் அலசிப் பிழிந்துவிடுவேன், அழுக்கு என்று ஒரு சொல் யாரும் சொல்ல முடியாது. காம்பு வழுக்க வேண்டும் என்று பால் நுரையில் விரலை நனைத்துக்கொள்வேன். இது தொழில் தெரிந்தவர்கள் செய்வது. இந்த மூன்றையும் மருத்துவர் தாளில் எழுதி, மூன்றுக்கும் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். மாட்டுக்கு ஒரு காகிதத் துண்டு, கறந்த பிறகு காம்பை அயோடின் மருந்தில் முக்குவது, நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறப்பது. உங்கள் தங்கை அன்றைக்கே தொழுவச் சுவரில் சுண்ணக்கட்டியால் கறவை வரிசை எழுதிவிட்டாள். தலைச்சன் ஈன்ற இரண்டு இளம் மாடுகள் முதலில், மகாராணி ஒன்பதாவது. காலில் சிவப்பு நாடா வேறு. குற்றவாளிக்குக் கட்டுகிற மாதிரி.

என்னால் பொறுக்க முடியவில்லை. விடியலில் உங்கள் தங்கை அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்து மகாராணியை மட்டும் நான் முதலில் கறந்துவிட்டு, நாடாவைச் சரிசெய்துவிட்டு, இளம் மாடுகளுக்குப் போய்விடுவேன். காகிதத் துண்டுகளைப் பயன்படுத்தியதுபோல் கசக்கித் தொட்டியில் போட்டுவைத்தேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து மருத்துவர் மறுபடி தட்டோடு வந்தார். இளம் மாடுகள் இரண்டின் பாலும் திரண்டது. உங்கள் தங்கை தொட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தாள். ஈரம் இல்லை. அதை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"ஏங்க, ரெண்டுல ஒண்ணு இந்தத் தொழுவத்த விட்டுப் போகணும். நீங்களா அதுவான்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் மருத்துவர், மகாராணிக்கு மருந்து ஏறாது, பழைய நோய், மற்ற மாடுகளைக் காப்பாற்ற வேண்டுமானால் அவளை வெளியேற்றுவதுதான் வழி என்று முடித்துவிட்டார். லாரிக்குச் சொல்லியாயிற்று. நான் இப்போது தொழுவத்துக்கு வெளியே புல்கட்டு இறக்குகிறேன். மகாராணி வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

ஆகவே மச்சான், புதன்கிழமைக்குள் வண்டி அனுப்புங்கள். உங்கள் பன்னிரண்டு மாடுகளோடு பதின்மூன்றாவதாக நிற்கட்டும். கையால் கிருமி பரவுகிறது என்பதெல்லாம் நேற்றுப் படித்து வந்தவர்கள் சொல்வது. அவளால் உங்கள் மாடுகளுக்கு ஒரு குறையும் வராது, அதற்கு நான் பொறுப்பு. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, உங்கள் தொழுவத்தில் எல்லா மடியும் நிறைந்து சுரக்கட்டும்.

இப்படிக்கு,
வேலிக்கு வெளியிலிருந்து,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு உங்கள் கை முறிந்து கட்டுப்போட்டிருந்தபோது நான்கு நாள் நான்தான் வந்து உங்கள் மாடுகளைக் கறந்து கொடுத்தேன். இங்கே கறவை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அங்கே வந்துவிடுவேன், கை கழுவக்கூட நின்றதில்லை, அவ்வளவு அக்கறை. உங்களுக்கும் ஆலையிலிருந்து அப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறதா என்று தெரிவிக்கவும். வந்திருந்தால் மகாராணியை அனுப்புவதில் இனி உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நம்புகிறேன். உங்கள் தங்கையிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.