நான்காம் மாடியின் மூச்சுக் கணக்கு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்த மாமனார் எழுதிக்கொண்டது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே மூச்சு வந்துபோய்க்கொண்டிருக்கிறது. மின்விசிறிக்கு அடியில் தங்களுக்கும் அவ்வாறே என நம்புகிறேன்.

போர்முனைப் புகையைச் சுவாசித்த பழைய சிப்பாய்களின் நுரையீரலைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கே நீங்கள் தலைவர் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. "சோதனைக்கு வந்த எவருக்கும் பெரிய மூச்சுக்கோளாறு இல்லை" என்று நேற்றுப் பத்திரிகையில் நீங்கள் சொன்னதை உங்கள் மாமியார் சத்தமாகப் படித்துக் காட்டினாள். எப்படி இருக்கும் மாப்பிள்ளை? அலுவலகம் நான்காம் மாடியில். லிஃப்ட் கெட்டுப்போய் மாதக்கணக்காகிறது. அவ்வளவு படியும் ஏறி வந்தவன் உங்கள் மூச்சளக்கும் மெஷினில் ஊதினால் உங்கள் கூரையே பறக்குமே! ஏற முடியாதவன் பெயருக்கு நேரே "வரவில்லை, குறையில்லை" என்று எழுதிவிடுகிறீர்களாம். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். நீங்கள் இரண்டையும் சேர்த்தே அணைத்துவிட்டீர்கள். நல்ல கெட்டிக்காரத்தனம்.

நீங்கள் பார்த்திராத என் நண்பர் ஒருவர், படையில் சமையல்காரர். முகாமின் குப்பைக்குழிக்கு அவரும் நானும்தான் பொறுப்பு. டயர், பேட்டரி, பிளாஸ்டிக், மருந்துப்புட்டி எல்லாவற்றையும் டீசல் ஊற்றிக் கொளுத்துவோம். முகமூடி கேட்டதற்கு அதிகாரி, "ஏன்யா, கைக்குட்டை இல்லையா உன்கிட்ட?" என்றார். அந்த மனிதர் இப்போது உங்கள் இரண்டாம் மாடிப் படியில், உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருக்கிறார். நான் பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். இன்றுதான் கடைசி நாளாம், இன்று ஊதாதவருக்கு இலவச வைத்தியம் கிடையாதாம். உங்க ஊழியர் எட்டிப் பாத்து, "பெரியவரே, மேல வந்து ஊதினாத்தான் நோய் இருக்கான்னு தெரியும்"னாரு. "ஏற முடியலைங்கறதுதானேய்யா நோயே"ன்னேன். "அதெல்லாம் மேல வந்து சொல்லுங்க"ன்னுட்டாரு. சரி, மெஷினையாவது கீழ கொண்டாய்யான்னா, "ஐயோ, படியில தூசி, மெஷினுக்கு ஆகாது"ங்கறாரு! மெஷினுக்குத் தூசி ஆகாதாம் மாப்பிள்ளை! செவிடன் காதுல சங்கு ஊதறதுக்கு மட்டும் எனக்கு இன்னும் மூச்சு இருக்கு, அதான் இந்தக் கடுதாசியை அந்த ஊழியர் கையிலேயே கொடுத்தனுப்பறேன்.

என் மகளுக்கும் பேத்திக்கும் ஆசிகள். தாங்கள் நூறு வயது வரை இதே நான்காம் மாடிக்கு ஏறி இறங்கி, குறையில்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பி.கு.: சமையல்காரர் போன வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். உங்கள் கணக்கில் அவரும் "குறையில்லை"தான். இங்கே படியில் நான் ஒருத்தன்தான் உட்கார்ந்திருக்கிறேன். மகளிடம் சொல்ல வேண்டாம். கொஞ்சம் இறங்கி வாங்க, மாப்பிள்ளை.