அப்படியொரு கணவர் இல்லை

படித்தவர்கள் எல்லாவற்றையும் படிப்பார்கள், தம் வீட்டில் எழுதப்படுவதைத் தவிர. முப்பதாண்டுகள் பேராசிரியராக இருந்த நானே இதற்குச் சான்று.

காரைக்குடிக் கல்லூரி ஒன்றில், அந்நாளில் பெண்கள் எழுதிய பத்திரிகைப் பத்திகளே வலைப்பதிவுகளுக்கு முன்னோடி என்று பேச அழைத்திருந்தார்கள். என் சொற்பொழிவை ஒருநாளும் கேட்டிராத மனைவி உமையாளை வற்புறுத்தி முன்வரிசையில் அமர்த்தினேன். ஒருமுறையாவது அவள் என்னை மெச்ச வேண்டும் என்பதே நோக்கம். (பத்திகளும் பதிவுகளும் எனக்கு இரண்டாம்பட்சம்.)

அரை மணி நேரம் அருமையாகவே போயிற்று. அன்றாட அடுப்படிச் செய்தியை முகமறியா வாசகரிடம் உரிமையோடு பேசியவர்கள் அப்பெண்கள். அவர்களுக்கு வந்த அஞ்சலட்டைகளே இன்றைய பின்னூட்டங்கள் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"இப்பத்திகளில் வரும் கணவர்கள் மட்டும் மிகைக் கற்பனை. அப்படிப்பட்ட அசடுகள் உலகில் இல்லை" என்று தீர்ப்பளித்தேன். சான்றாக, மாணவியர் உள்ளூர் வார இதழிலிருந்து திரட்டித் தந்த நறுக்குகளில் ஒன்றை எடுத்தேன். எழுதியவர் புனைபெயர் ‘மூன்றாங்கட்டுக்காரி’ (செட்டிநாட்டு வீடுகளில் மூன்றாங்கட்டு என்பது அடுப்படிப் பக்கம்). முன்கூட்டிப் படித்திருக்கவில்லை. (உள்ளூர் இதழுக்கு முன்தயாரிப்பு வேறா?)

மகள் கல்யாணத்தில் பரப்பிவைத்த சீர்ப் பாத்திரங்களுக்கு, நூலக முறைப்படி எண்ணிட்டுச் சீட்டு ஒட்டினாராம் ஒரு கணவர். பசை இறுகிவிட, சம்பந்தி வீட்டார் பார்த்திருக்க, எழுபது பாத்திரங்களையும் வெந்நீரில் ஊறப்போட்டார்களாம்.

இரண்டாம் வரியிலேயே அந்தக் கணவரை அடையாளம் கண்டுகொண்டேன். அந்தச் சீட்டுகளை எழுதிய கைதான் இப்போது நறுக்கைப் பிடித்திருந்தது. நடுவில் நிறுத்தினால் மானம் போகும், தொடர்ந்தாலும் போகும். தொடர்ந்தேன்.

அரங்கம் குலுங்கியது. மூன்றாங்கட்டுக்காரி யாரென்று ஊருக்கே தெரியும், என்னைத் தவிர. உமையாள் மட்டும் சிரிக்காமல், மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பதினோரு வருசம் அச்சுல போட்டுச் சொன்னேன். இன்னும் எப்புடிச் சொல்ல? நீங்கதான் அந்தப் பத்திரிகைய வெங்காயம் காயப்போட விரிச்சீக."

சிறிது தூரம் போனபின் சொன்னாள்: "ஆனா நல்லா வாசிச்சீக. நான் எழுதுனது இம்புட்டு நல்லாருக்கும்னு எனக்கே இன்னைக்கித்தான் தெரியும்."

நான் வேண்டிய மெச்சுதல் அதுதான். வேறுவகையில் வந்திருக்கலாம்.

அவள் மறைந்து ஓராண்டாகிறது. மகள் அப்பத்திகளை வலைப்பதிவாக ஏற்றி வருகிறாள். வாசகருக்கு மறுமொழி எழுதும் பொறுப்பு எனக்கு. "அந்தக் கணவர் கற்பனைதானே?" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். உடனே மகள், "அப்பச்சி, ஒங்களத் தேடி ஆள் வந்துருக்கு" என்று வீடே கேட்கக் கூவுகிறாள். எல்லாரும் கூடிநின்று சிரிக்க, நான் தட்டச்சு செய்கிறேன்:

"கற்பனையன்று. அவர் இன்னும் இருக்கிறார்."