பிறந்த வீட்டுச் சீரில் ஒரு மதர்போர்டு

எங்கள் குடும்பத்தில் 'கம்ப்யூட்டர் தெரிந்தவன்' என்று பெயர் வாங்குவதற்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பெரியப்பாவின் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் போதும். நான் அதற்கும் ஒரு படி மேலே. புதுக்கோட்டையில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறவன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் என்பதால் (பில்லைத் தவிர வேறெதையும் அதில் நான் திறந்ததில்லை என்பது முதலாளிக்கு மட்டுமே தெரியும்) சொந்தத்தில் யார் எது வாங்கினாலும் என்னைத்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அக்கா மகள் கயலுக்குக் கட்டடக்கலைப் படிப்பில் இடம் கிடைத்தது. வரைபடம் போட அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அதே சமயத்தில் வல்லத்திராக்கோட்டையில் அக்கா கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா வந்தது. பிறந்த வீட்டுச் சீராக அந்தக் கம்ப்யூட்டரையே கொண்டுபோய் இறக்கிவிடுவது என்று அறிவித்தேன். அக்காவின் கணவர், அதாவது என் மச்சான், நல்ல புத்திதான் சொன்னார்.

"பேசாம கடையில இருக்க ரெடிமேட் ஒண்ண வாங்கிரு மாப்ள. பிள்ளைக்குக் காலேசு தொறக்கப் போகுது."

"உள்ள என்ன சிப்செட் இருக்குன்னே தெரியாம வாங்கச் சொல்றீங்களா மச்சான்?" என்று கேட்டேன்.

சிப்செட் என்ற சொல்லை நானே அதற்கு முந்தைய வாரம்தான் கேள்விப்பட்டிருந்தேன். மதர்போர்டில் எது எதோடு சேரும், எத்தனை பென்டிரைவ் செருகலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற சில்லு அது. எச் என்றால் சாதா, பி என்றால் நடுத்தரம், இசட் என்றால் உச்சம். வீடியோ வீடியோவாகப் பார்த்து, மூன்றையும் ஒப்பிட்டு, கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களிடம்கூட விளக்கினேன். (பாத்ரூம் டைல்ஸ் வாங்க வந்த ஒருவர் எதுவும் வாங்காமலே போனார்.) எச் வாங்கினால் நம்மை யார் மதிப்பார்கள்? பி என்பது கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தியில் உட்காருவது மாதிரி. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை இசட்டில்தான் அதன் வேகத்துக்கு மேலேயும் முடுக்கலாம்.

"மாமா, எனக்கு வீட்டு பிளான் வரையணும், அம்புட்டுத்தான். முடுக்குறதெல்லாம் எதுக்கு?" என்றாள் கயல்.

"ஒனக்கு இப்பப் புரியாதுத்தா" என்றேன்.

இசட் போர்டே கைக்காசை விழுங்கிவிட்டதால், பிராசஸரில் மலிவான ஒன்றை எடுத்தேன். (முடுக்கவே முடியாத ரகம். அது தனிக் கதை.) கம்ப்யூட்டர் கடைக்காரர் தயங்கினார்.

"சார், இந்தப் பிராசஸர்ல டிஸ்பிளே கிடையாது. படம் வர கிராபிக்ஸ் கார்டு தனியா வச்சிருக்கீங்கல்ல?"

நான் போர்டைத் திருப்பி, மானிட்டர் வயர் செருகும் துளைகளைக் காட்டினேன். "அதான் போர்டுலயே இருக்குல்லங்க? இது இசட்டுங்க!" அவர் பில் போட ஆரம்பித்தார்.

வீட்டில் வைத்து பாகங்களை நானே பூட்டினேன். மானிட்டரை மாட்டிப் பார்த்துவிடலாம் என்று அட்டைப்பெட்டியில் கை வைத்தபோது மனைவி தடுத்தாள். "சீர்ச் சாமானப் பிரிச்சா எடுத்துட்டுப் போவாங்க? பழசக் கொண்டாந்துட்டான்னு பேச மாட்டாங்களா?" நியாயமாகப் பட்டது. சுவிட்சை மட்டும் தட்டினேன். விசிறிகள் சுற்றின, வண்ண விளக்குகள் ஓடின. கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது என்று இருவரும் முடிவுக்கு வந்தோம்.

விழாவன்று வீட்டு வாசலில் என் நண்பர்கள் பிளக்ஸ் வைத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட நான், என் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாக மதர்போர்டு, கீழே 'இசட் சிப்செட் தந்த இமயமே!' கொட்டு முழங்கத் தட்டுகள் முன்னே வர, கம்ப்யூட்டர் மாலையோடு மினி வேனில் வந்தது. மைக்காரரிடம் நான் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். "ஏகப்பட்ட யூ.எஸ்.பி. துளைகள் கொண்ட இசட் சிப்செட் மதர்போர்டு! இது பி கிடையாது, எச்சும் கிடையாது!" என்று ஊர் அதிரப் படித்தார். கொட்டுக்காரர்கள் இசட்டுக்கென்று தனியாக ஓர் அடி அடித்தார்கள்.

நடுக்கூடத்தில் இறக்கி, சந்தனப் பொட்டு வைத்து, அப்போதுதான் மானிட்டரைப் பிரித்து மாட்டினோம். எல்லாரும் சூழ்ந்து நிற்கச் சுவிட்சைப் போட்டேன். விளக்குகள் ஓடின. குழந்தைகள் கைதட்டினார்கள். மானிட்டர் மட்டும் இருட்டாகவே இருந்து, பிறகு ஒரு சின்னக் கட்டத்தில் இரண்டே சொற்களைக் காட்டியது. அதுவும் சீர்வரிசையில் ஒன்று என்று நினைத்தாரோ என்னவோ, மைக்காரர் கம்பீரமாக அறிவித்தார்.

"நோ சிக்னல்!"

வயரைப் பிடுங்கிச் செருகினேன். துளையை மாற்றினேன். ஊதினேன். மறுபடியும் நோ சிக்னல். பெரியப்பாதான் வழி சொன்னார். "இங்கிட்டு எப்பவுமே சிக்னல் கெடைக்காதுடா. மாடிக்குத் தூக்கிட்டுப் போ."

அந்தச் சிக்னல் வேறு, இது வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது சிக்னல் அல்ல, ஒளிந்துகொள்ள ஓர் இடம்.

கயல் மானிட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். போனில் எதையோ தேடிப் படித்தாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பிராசஸர்ல படமே வராதாம். எந்த போர்டுல மாட்டுனாலும் வராதாம்."

"இசட்டா இருந்தாக்கூடவா?"

"இசட்டா இருந்தாக்கூட மாமா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கௌரவம் போனது ஒரு பக்கம். அடுத்த வாரம் பிள்ளை வெறுங்கையோடு கல்லூரிக்குப் போய் நிற்குமே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கீழே இறங்கிப் போய், "மாமா செட்டிங் பண்றாங்க, நாளைக்குத்தான் படம் வரும்" என்று எல்லாரிடமும் அடித்துச் சொன்னாள். என்னைக் காப்பாற்ற அன்று அந்த வீட்டில் பொய் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் கடைக்காரர் ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டாமல் இசட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒரு சாதா எச் போர்டும், படம் வருகிற பிராசஸரும் கொடுத்தார். கல்லூரி திறக்கும் முன்பே படம் வந்துவிட்டது. படிப்பு முடிகிறவரை கயல் அதில்தான் வரைந்தாள், ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. அவள் அதில் முதன்முதலாக வரைந்து, உண்மையாகவே கட்டி எழுப்பியது அவள் அப்பாவின் மாட்டுக் கொட்டகையை.

அந்தக் கொட்டகையில் சாரல் அடிக்காமல் இருக்க மச்சான் அந்தப் பிளக்ஸைத்தான் கட்டியிருக்கிறார். பசு நக்கி நக்கி என் கறுப்புக் கண்ணாடி வெளுத்துவிட்டது. 'இசட்' மட்டும் பளிச்சென்று இருக்கிறது. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் மச்சான் முதலில் அங்கேதான் கூட்டிப் போகிறார். என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பிளக்ஸைத் தட்டிக் காட்டிச் சொல்கிறார்:

"எங்க மாப்ள சீரோட வந்ததுங்க. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள விடலங்க. அந்தச் சீர்லயே மொத நாள்லேருந்து ஒழுங்கா வேலை செஞ்சது இது ஒண்ணுதான்!"