மெதுவா அண்ணாச்சியின் கை

துருப்பிடிக்காத எஃகைத் துருப்பிடிக்க வைத்தவன் நான். விருதுநகரில் என் மனைவி நடத்தும் சமையல்கூடத்தின் புது ஸ்டீல் மேஜையை, அவள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கம்பி நாரால் தேய்த்தேன். வீட்டில் நாலு அலமாரி புத்தகம் படித்தவன். டப்பாவில் ஒட்டியிருந்ததைப் படிக்கவில்லை. மத்தியானத்துக்குள் மேஜை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். மறுநாள் காலையில் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனி மேனேஜர் கூடத்தைப் பார்க்க வருகிறார். பிடித்தால்தான் சீசன் முழுக்கச் சாப்பாட்டு ஆர்டர்.

உலகத்திலேயே ஸ்டீலுக்குப் பயந்து நடக்கும் ஒரே மனிதர் எங்கள் மெதுவா அண்ணாச்சிதான். எங்களிடம் பாத்திரம் கழுவ வருமுன் பட்டாசு ஆலையில் மருந்து கலந்தவர். உரசல் ஆகாது என்ற அந்தப் பாடத்தை அண்டாவுக்கும் கிரைண்டருக்கும் நீட்டித்துவிட்டார். செருப்பைக் கழற்றி, ஆலையில் செய்வதுபோல் உடம்பு மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் அவரே அடித்து வைத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும். வெந்நீர், சோப்பு, மெத்தென்ற துணி. ஸ்டீலில் கோடு ஓடும் பக்கமாகவே துடைப்பார்; ஈரம் தங்காமல் ஒற்றி எடுப்பார். ரேகை விழுமென்று வெறுங்கையை மேஜையில் வைக்கவே மாட்டார். யாராவது வேகம் காட்டினால் "மெதுவா" என்பார்.

இவர் ஸ்டீலை அறிந்தவரா, மேஜை வெடிக்குமென்று நம்புகிறவரா? ஒருநாள் கேட்டேன்.

"இதுவரைக்கும் வெடிச்சிருக்கா?" என்று திருப்பிக் கேட்டார்.

"இல்லையே."

"ஏன்னு நெனைக்கீக?"

அந்தக் குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அன்று புள்ளிகளைப் பார்த்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன செஞ்சீக?"

"தேய்ச்சேன்."

"எம்புட்டு?"

"கொஞ்சம் பலமா."

எல்லோரையும் வெளியே அனுப்பினார், என்னை முதலில். ஆப்பசோடாவைக் குழைத்துப் பூசி, சாயங்காலம் வரை துடைத்தார். ஒரே ஒரு புள்ளி மட்டும் போகவில்லை.

மறுநாள் மேனேஜர் வந்தார். செருப்பைக் கழற்றி, தகட்டைத் தொட்டு, தன் கம்பெனிக்குள் நுழைவதுபோல் நுழைந்தார். அவர் உள்ளே கால் வைத்ததும் அண்ணாச்சி மேஜையோரம் போய், உள்ளங்கையை ஸ்டீல்மேல் அழுத்தி நின்றுகொண்டார். மனிதருக்கு உடம்புக்கு முடியவில்லையோ? மேனேஜர் அடுப்பைப் பார்த்தார், குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். கழுத்தில் ஈ உட்கார்ந்தும் அண்ணாச்சியின் கை அசையவில்லை. அப்புறம்தான் உறைத்தது, அந்தக் கைக்கடியில் இருப்பது என் புள்ளி.

ஆர்டர் கிடைத்தது. வண்டியில் ஏறிய மேனேஜர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அண்ணாச்சியக் கைய எடுத்துக்கிடச் சொல்லுங்க. அந்தப் புள்ளிய நான் நொழையும்போதே பாத்துட்டேன்."