முயலைத் தின்ற நாணயம்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, இனி என் மனைவிக்குப் பயப்படுவதில்லை என்று முடிவெடுத்தேன். பத்து ஐந்துக்குக் கூரியர்காரர் கடைக்குள் நுழைந்து, "சார், சிறுத்தை வந்திருக்கு" என்று கத்தினார். வாசலை இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். முடிவின் ஆயுள் ஐந்து நிமிடம்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊருக்கே கண் பரிசோதனை செய்கிறவன். நம் நாட்டுக் காட்டு விலங்குகளைப் போட்டு அரசாங்கம் வருடத்துக்கு ஒரு வெள்ளி நாணயம் வெளியிடுகிறது அல்லவா, அதைச் சேர்ப்பவன். முயல், மான், காட்டுப்பன்றி என்று சாதுவாகத் தொடங்கி, நீர்நாய், நரி, கழுகு, ஓநாய், கழுதைப்புலி என்று வளர்ந்து, போன வருடம் ஒன்பதாவதாகக் கரடி வந்தது. இந்த வருடம் பத்தாவது, கடைசி: சிறுத்தை. வரிசை பூர்த்தி. ஞாயிற்றுக்கிழமை நாணயச் சங்கத்தின் கண்காட்சி. பத்தும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஜொலிக்க, நான் பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும். பத்து வருடமாக இந்த ஒரு ஆசைதான்.

ஒரே ஒரு சிக்கல். என்னிடம் ஒரு நாணயம்கூட இல்லை என்பது என் மனைவியின் நம்பிக்கை.

கரடிதான் காரணம். கரடிக்காக நான் நாணயச்சாலை வாசலில் வரிசையில் நின்ற அதே மூன்று மணி நேரம், அவள் ரயில் நிலைய வாசலில் என்னை எதிர்பார்த்து மூன்று பெட்டிகளோடு கொட்டும் மழையில் நின்றாள். வீட்டுக்கு வந்து, தலையைத் துவட்டாமலே கேட்டாள்.

"உங்களுக்குக் கரடியா, நானா?"

"நீதான்."

பதில் சரி. ஆனால் சொல்ல நான்கு விநாடி ஆகிவிட்டது. அந்த நான்கு விநாடியை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. மறுநாளே, ஒன்பதையும் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அந்தப் பள்ளிக்கூடம் எங்கள் படுக்கையறைப் பரணில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள், உடைந்த கண்ணாடி ஃப்ரேம்களுக்கு அடியில் ஒரு வருடமாக நடந்து வந்தது.

திங்கள் மாலை, அவள் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன நேரத்தில், டப்பாவுக்குள் இருந்த நாணய ஆல்பத்தின் பத்தாவது குழியில் சிறுத்தையை வைத்தேன். அது என்னைப் பார்த்தது. நிஜமாகவே பார்த்தது.

புதன்கிழமை டப்பாவைத் திறந்தேன். முயலைக் காணோம்.

குழி மட்டும் வட்டமாக, சுத்தமாக இருந்தது. கட்டிலுக்கடியில் மண்டியிட்டுத் தேடினேன். முதுகுக்குப் பின்னால் குரல்.

"என்ன தேடறீங்க?"

"ஸ்க்ரூ."

"எந்த ஸ்க்ரூ?"

"கண்ணாடி ஸ்க்ரூ."

"உங்க கண்ணாடி மூக்கு மேலதானே இருக்கு?"

"இது... ஒரு கஸ்டமரோடது."

"கஸ்டமர் நம்ம கட்டிலுக்கு அடியில என்ன பண்ணினார்?"

இருமினேன்.

திருட்டுப் போனால் போலீஸுக்குப் போகலாம். இல்லாத பொருள் திருட்டுப் போனால் எங்கே போவது? வியாழக்கிழமை மானும் போனது. மாடிப்படியில் எதிர்வீட்டு இன்சூரன்ஸ்காரரைப் பிடித்துக்கொண்டேன். சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். என் ரகசியம் தெரிந்த ஒரே ஜீவன்.

"சார், வீட்டுப் பூட்டு உடையலை. டப்பா அசையலை. முயலும் மானும் மட்டும் இல்லை."

"சிறுத்தையை எப்ப வச்சீங்க?"

"திங்கள்."

"முயல் போனது?"

"புதன்."

"மான்?"

"இன்னிக்கு."

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "முதல் நாள் புது இடம்னு கூச்சப்பட்டிருக்கும். அதுக்கப்புறம் பசிக்குமில்ல?" என்றார். சிரிக்கவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் ஆபத்தைப் பற்றிப் பேசும்போது சிரிப்பதில்லை.

நான் படித்தவன். வெள்ளி வெள்ளியைத் தின்னாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றிரவு பரணுக்கு நேர் கீழே படுக்காமல் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை மாலை டப்பாவைத் திறந்தபோது காட்டுப்பன்றி இல்லை. கடையில் இருந்து கொண்டு வந்த லென்ஸைக் கண்ணில் மாட்டிச் சிறுத்தையைப் பார்த்தேன். திங்கட்கிழமை இடுப்பு ஒட்டியிருந்தது. இப்போது உருண்டிருந்தது. அடுத்த குழியில் நீர்நாய். அதன் முகத்தில் முன்னால் பார்க்காத ஒரு கவலை.

அன்றைக்கென்று பார்த்து என் மனைவி சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தாள்.

"ஏங்க, இந்த வீட்டுல ஏதோ ஒவ்வொண்ணா குறையற மாதிரி இல்ல?"

தண்ணீர் புரையேறியது. "எ... என்ன குறையுது?"

"என்னன்னு தெரியலை. இருக்குன்னு தெரிஞ்சாத்தானே குறையுதுன்னு சொல்ல முடியும்?"

தலையைத் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

சனிக்கிழமை ஒரு விஞ்ஞானப் பரிசோதனை செய்தேன். சிறுத்தையை மட்டும் பிரித்து, டிபன் டப்பாவின் மேலடுக்கில் போட்டு, கைக்குட்டையால் இறுக்கிக் கட்டிக் கடைக்கு எடுத்துப் போனேன். நாள் முழுக்க டப்பாவை என்னிடமிருந்து மூன்றடி தள்ளியே வைத்திருந்தேன். ஒரு பெரியவருக்குத் தூரப்பார்வைக்குப் பதில் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்தனுப்பினேன். அவர் வாசல் கதவில் மோதிய சத்தத்துக்கு நான் கவுண்டருக்கு அடியில் போய்விட்டேன்.

மாலை வீட்டுக்கு வந்து பார்த்தால், மீதி ஆறும் பத்திரம்! நீர்நாய் முகத்தில் நிம்மதி. இனி என்ன சாட்சி வேண்டும்? சிறுத்தை வெளியூர் போன அன்றைக்கு ஒரு உயிர்கூடப் போகவில்லை. முயல், மான், பன்றி, அப்புறம் நீர்நாய், நரி, கழுகு, ஓநாய், கழுதைப்புலி, கரடி. கரடியும் தீர்ந்தால்? அதே அறையில், அதே பரணுக்குக் கீழே, அடுத்த பெரிய ஜீவன் நான்.

சமையலறைக்கு ஓடினேன். டிபன் டப்பாவை அவள் காலடியில் வைத்தேன்.

"என்னை மன்னிச்சிடு. நான் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலை. எல்லாம் பரண்ல இருக்கு. இருந்துச்சு. இது தின்னுடுச்சு!"

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எது?"

"சிறுத்தை."

"எதை?"

"முயலை."

"ம்ம். அப்புறம்?"

"மானை. பன்றியை."

"பன்றியையுமா? நல்ல ஜீரணம்தான்." கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தாள். "இப்ப நான் என்ன பண்ணணும்?"

"எடுத்துட்டுப் போயிடு. எல்லாத்தையும். எனக்கு எதுவும் வேண்டாம்."

"நாளைக்கு வந்து என் சிறுத்தை எங்கேன்னு கேட்டா?"

"கேட்க மாட்டேன்!"

"ஒரு வருஷம் பொய் சொன்ன வாய். எழுதிக் கொடுங்க."

கான்வென்டில் படித்தவள். பேப்பர், பேனா, அடியில் வைக்க அட்டை எல்லாம் ஒரு நிமிடத்தில் வந்தன. "மார்ஜின் விடுங்க. தேதி வலது பக்கம். கிறுக்காதீங்க, நாலு பேர் படிக்கிற மாதிரி இருக்கணும்" என்று டிக்டேஷன் கொடுத்தாள். நாலு பேர் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை; தேதியை வலது பக்கம் போட்டேன். பத்து விலங்குகளையும் மனமுவந்து என் மனைவிக்கே கொடுத்துவிட்டேன், இனி அவற்றுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் ஊதிக் காயவைத்தாள்.

ஞாயிறு காலை, "கொஞ்சம் வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பிப் போனாள். நான் தனியாக இருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆசை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நம் பெட்டி இல்லாவிட்டால் என்ன, அடுத்தவர் பெட்டியையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று கண்காட்சிக்குப் போனேன்.

மண்டபத்தின் நடுவில், விளக்குக்கு நேர் கீழே, கூட்டம். எம்பிப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டி. முயல். மான். காட்டுப்பன்றி. மூன்றும் உயிரோடு! நீர்நாய், நரி, கழுகு, ஓநாய், கழுதைப்புலி, கரடி... கடைசியில் சிறுத்தை. இடுப்பு ஒட்டியிருந்தது. மேலே 'முதல் பரிசு' என்ற நாடா. பெட்டிக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட புடவையில், என் மனைவி.

இன்சூரன்ஸ்காரர் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். உண்மையான நாணயமான்னு பார்க்கிற எங்க நிபுணருக்கு வயசாச்சு. ஒரு நாளைக்கு ஒண்ணுதான் பார்ப்பார், சனிக்கிழமை லீவு. அதான் உங்க வீட்டம்மா ஒவ்வொண்ணா கொண்டு வந்தாங்க. மீதியை இன்னிக்குக் காலையில அவரை உட்கார வச்சு மொத்தமா பார்க்கச் சொல்லிட்டாங்க. முடியாதுன்னு சொல்ல அவராலயும் முடியலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!"

"சொல்லக்கூடாதுன்னாங்க. உங்க வீட்டம்மா பேச்சைத் தட்டற தைரியம் உங்களுக்கு இருக்கா? எனக்கு எப்படி இருக்கும்?"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவளிடம் போனேன். "உனக்கு எப்ப தெரியும்?"

"போன மாசம். உடைஞ்ச ஃப்ரேமை எல்லாம் பழைய சாமான்காரருக்குப் போட டப்பாவை இறக்கினேன்."

"அப்ப முயல், மான், பன்றின்னு நீ எடுத்தது என்னைப் பயமுறுத்தவா?"

"ஆல்பத்துல இருக்கிற வரிசையில எடுத்தேன். சிறுத்தை தின்னுச்சுன்னு நீங்களாத்தான் வந்து சொன்னீங்க. புருஷன் சொன்னா மறுத்துப் பேசலாமா?"

"கண்காட்சியில நான் காட்டினா என்ன, நீ காட்டினா என்ன? கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே..."

"கேட்டிருந்தா இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணியிருப்பீங்க. நீர்நாயைப் பாருங்க, எவ்வளவு அழகு! உங்ககிட்ட இருந்தா ஆயுசுக்கும் பிஸ்கட் டப்பாதான்."

பதில் சொல்ல வாயெடுத்தேன். பெட்டிக்குள், நாணயங்களுக்குக் கீழே, மார்ஜின் விட்டு எழுதிய ஒரு காகிதம் சட்டம் போட்டு நிறுத்தப்பட்டிருந்தது. நாலு பேர் இல்லை, நாற்பது பேர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பத்திரிகைப் புகைப்படக்காரர் வந்தார். பெட்டியைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், கேமராவைத் தூக்கினார். பத்து வருட ஆசை. காகிதம் என்ன சொன்னாலும் சரி, பக்கத்தில் நிற்க யாரும் தடை எழுதவில்லையே! சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பெட்டியை ஒட்டி நின்றேன். சிரித்தேன்.

"சார், கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றார் புகைப்படக்காரர். "சிறுத்தையை மறைக்கிறீங்க."