நீலப் பரல் தேத்தண்ணி

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற எந்தப் பொருளையும் கழற்றிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்த வியாதியால் என் தங்கையின் கல்யாணமே கவிழப் பார்த்தது. இப்போது அதைத் தைரியமாகச் சொல்லலாம். சம்பந்தப்பட்ட எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறார்கள், மீன்களைத் தவிர.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு ஸ்டோர் கிளார்க் வேலை. குவாட்டர்ஸில் அம்மா, தங்கை மலர், நான். கொழும்பில் அலங்கார மீன் கம்பனியில் வேலை செய்த சிநேகிதன் கொடுத்த உயிர்ப் பவளமும் இரண்டு கடல் மீன்களும் முன்னறைக் கண்ணாடித் தொட்டியில் இருந்தன. (நாங்கள் கம்பளிக்குள் நடுங்குவோம். மீன்களுக்கு ஹீட்டர்.)

பவளத்துக்குச் சாதாரணத் தண்ணீர் ஆகாது. மழை பெய்தால் எங்கள் குழாயில் வருவதே தேத்தண்ணி நிறத்தில்தான். ஆகவே பஞ்சு பில்டர், கரி பில்டர், கடைசியில் ஆர்.ஓ. பில்டர் என்று சுவர் நிறைய மாட்டினேன். வடிந்த தண்ணீரைப் பீப்பாய் போன்ற ஒரு நீலப் பரலில் பிடித்து, கடல் உப்புக் கலந்து, வாரம் ஒருமுறை தொட்டிக்கு மாற்றுவேன். "இந்தப் பரல் தண்ணி மாதிரி சுத்தமான தண்ணி இந்த மலையிலேயே கிடையாது" என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். உப்புக் கலக்கும் விஷயத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

மலரைப் பெண் பார்க்க றொசல்லவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. முன்பே இரண்டு இடங்கள் தட்டிப்போய் அம்மா மிகவும் நொந்திருந்தார்.

"நீ ஒண்ணுமே செய்ய வேணாம்டா. சட்டைய போட்டுக்கிட்டு சும்மா உக்காரு, அது போதும்" என்றார்.

சும்மா உட்காருவதுதான் எனக்கு வராதே! பில்டரில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருவது பல நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது. பரலில் முதல் நாளே உப்பைக் கொட்டியிருந்தேன்; அது சீக்கிரம் நிரம்பட்டும் என்று, வாங்கி வைத்திருந்த பம்பை எடுத்துப் பூட்டினேன். ஆர்.ஓ. பில்டரின் குணம், ஒரு வாளி நல்ல தண்ணீருக்கு நாலு வாளியைக் கழிவென்று வெளியே தள்ளும். பம்ப் அதையும் உற்சாகமாக வாசல் சாக்கடைக் கானில் தள்ளியது. நான் ரசித்துக்கொண்டு நிற்கையில் பம்ப் இருமியது. குழாயில் காற்று சீறியது. மொத்த குவாட்டர்ஸுக்கும் பொதுவான தண்ணீர் டாங்கி காலி. வாசலில் வேன் ஹாரன்.

முன்னறையில் சிரித்துப் பேசினேன். தண்ணீர் என்ற பேச்சே வராமல் பார்த்துக்கொண்டேன். மலர் தேத்தண்ணித் தட்டோடு வந்ததும்தான் மூச்சு வந்தது. அடுத்த நொடியே போய்விட்டது. குழாய் வறண்டு கிடக்கிறது, இந்தத் தேத்தண்ணிக்கு ஏது தண்ணீர்?

மாப்பிள்ளையின் அப்பா தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர், தினமும் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்பவர். வழக்கப்படி 'சர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டினார். பிறகு எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே துப்பினார். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை செல்வம் மட்டும் மலரைப் பார்த்தபடி, கண்ணில் நீர் தளும்ப, கோப்பையைக் காலி செய்தார்.

"கொஞ்சம்... தண்ணி கெடைக்குங்களா?" என்றார்.

வீட்டில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. செம்பைத் தூக்கிக்கொண்டு மலையோர ஊற்றுப் பீலிக்கு ஓடினேன். குவாட்டர்ஸ் பெண்கள் அத்தனை பேரும் வாளியோடு அங்கே நின்றார்கள்.

"எங்க பைப்புல காத்துதான் வருது தம்பி. ஒங்க வீட்டுக் கான்ல மட்டும் எப்படி ஆறு ஓடுது?" என்று கேட்ட பக்கத்து வீட்டு அக்கா, என்னை வரிசையின் கடைசியில் நிறுத்தினார். அங்கே நான் குதித்த குதி எனக்குத்தான் தெரியும்.

திரும்பி வந்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தார். "நீதானேடா சொன்ன, அந்தப் பரல் தண்ணியவிட சுத்தமான தண்ணியே இல்லன்னு! விருந்தாளிக்குன்னு ஆசையா எடுத்தேனேடா!"

செல்வம் செம்பை ஒரே மூச்சில் குடித்தார். மலர் வழக்கத்தை மீறி அவரிடம் நேராகவே கேட்டாள்: "ஒங்க அப்பாவே துப்பிட்டாரு. நீங்க ஏன் முழுசா குடிச்சீங்க?"

"நீங்க போட்டதுன்னு நெனச்சேன். மிச்சம் வச்சா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு..."

மலர் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, இவங்களையே பேசி முடிங்க. என் சமையலுக்கு இவங்கதான் சரி."

டீமேக்கர் சிரித்த சிரிப்பில் தொட்டி மீன்கள் மிரண்டன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்றைக்கும் றொசல்லவுக்குப் போனால் தட்டு முதலில் என்னிடம்தான் வரும். "மச்சான், மொதல்ல நீங்க ஒரு வாய்" என்பார் செல்வம். நான் விழுங்கி, என் முகம் கோணவில்லை என்று நிச்சயமான பிறகுதான் அந்த வீட்டில் மற்றவர்கள் கோப்பையைத் தொடுவார்கள்.