டே-சிக்கின் முட்டி நம்பாத பொய்

வலி வந்தால் படுத்துக்கொள்கிறவர்கள் ஒரு ரகம். வலி வரவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாம் ரகம் வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் சியோலின் எந்த மலையடிவாரத்துக்கும் போங்கள். இமயமலைக்கே போதுமான உடுப்பும் இரண்டு கையிலும் கோலுமாகக் கூட்டம் கூட்டமாகக் கிடைப்பார்கள். ஏறுகிறவன் மூச்சிரைத்து, "இன்னும் எவ்வளவு தூரங்க?" என்று கேட்டால், இறங்குகிறவர்கள் கூசாமல் சொல்வார்கள்: "இதோ வந்தாச்சு, இன்னும் கொஞ்சம்தான்!" பாதி மலைகூட ஆகியிருக்காது. பாவம் பார்த்துச் சொல்கிற பொய்தான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

குவாக் டே-சிக் இந்தப் பொய்யைத் தன் முட்டியிடமே சொன்னவர்.

வசந்தத்தில் பாறையில் சறுக்கி விழுந்து முட்டியில் தசைநார் கிழிந்தது. மகள் யூ-ராவுக்கு இலையுதிர்காலத்தில் கல்யாணம். அவள் கையைப் பிடித்து, ஊன்றுகோல் இல்லாமல் மண்டபத்தில் நடந்துபோய் மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும். மனிதருக்கு வேறு ஆசையே கிடையாது.

சுவரில் சாய்ந்து பாதி உட்கார்ந்து எழச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட் மியோங் அம்மா. ஒரே ஒரு சுற்று. வலிக்கவில்லை. வலிக்காததெல்லாம் ஒரு பயிற்சியா? நாலு சுற்று செய்தார். அன்று இரவும் வலிக்கவில்லை. ஆகா, குணமாகிவிட்டது! மறுநாள் காலை மாடிப்படியில் ஏறினார், இறங்கினார், அடுக்ககமே வேடிக்கை பார்க்க மறுபடி ஏறினார். அதற்கடுத்த நாள் கழிப்பறையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. மனைவி வந்து தூக்கிவிட வேண்டியதாயிற்று.

"ரெண்டு தொடையும் சேர்ந்து வலிச்சா பயப்படாதீங்க, அது தாமதமாத்தான் வரும், ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும்," என்றார் மியோங் அம்மா. "ஆனா அடிபட்ட முட்டி மட்டும் வீங்குச்சு, தூக்கம் போச்சு, வீட்டுல எல்லார்மேலயும் எரிஞ்சு விழறீங்கன்னா, அளவு மீறிட்டீங்கன்னு அர்த்தம்."

"நான் எங்கம்மா எரிஞ்சு விழறேன்?" என்று எரிந்து விழுந்தார் டே-சிக்.

"ராத்திரி பூரா புரண்டு படுக்கிறது யாராம்?" என்றாள் மனைவி.

"சும்மா இரு நீ!"

முட்டி வீங்கியது. பிளாஸ்திரி மேல் பிளாஸ்திரி ஒட்டினார்; லிஃப்ட் முழுக்க மருந்து நெடி. கல்யாணத்துக்கு முந்தின வாரம், யாருக்கும் சொல்லாமல், சின்ன மலைதானே என்று கிளம்பினார். "இதோ வந்தாச்சு, இன்னும் கொஞ்சம்தான்," என்று முட்டியைத் தட்டிக்கொடுத்தார். முட்டி நம்பவில்லை. பாதி வழியில் மடங்கிவிட்டது.

செய்தி கேட்டு யூ-ரா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். "என்கூட நடங்கன்னுதானே கேட்டேன்? கோலோட வந்தா என்னப்பா? மலை ஏறச் சொன்னேனா?"

டே-சிக்குக்கு மனசு ஒடிந்துபோயிற்று.

கல்யாணத்தன்று மகள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அப்பா முதல் வரிசையில், காலை நாற்காலியில் நீட்டியபடி, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ரொம்ப வலிக்குதாங்க?" என்றாள் மனைவி.

"சேச்சே, கொஞ்சம்கூட இல்ல!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். டாக்டர் "ஒரு மாதம் ஓய்வு" என்றதை "ஆளைப் பொறுத்தது" என்று நீங்களாகத் திருத்திக்கொண்டது நினைவிருக்கிறதா? போகட்டும். இதைப் படிக்கும்போதே தேய்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்தத் தோளிலிருந்து முதலில் கையை எடுங்கள்.